காளானுக்கு ஒரு மார்க்கா

சென்னைத் துறைமுகத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரியின் கண்ணில் முதலில் பட்டது பட்டுச்சேலை அல்ல, காய்ந்த காளான். மலேயாவின் ஈப்போவில் எங்கள் தெருமுனைச் சீனத்தி வழிப்பயணத்துக்கென்று கட்டிக்கொடுத்த பொட்டலம் அது. கறுத்துச் சுருண்டு, நாலைந்து பேரின் காதை அறுத்து வெயிலில் உலர்த்தியது போல இருக்கும். அதிகாரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில், "இது மருந்தா, செத்த எலியா, கேளு" என்றார். ரப்பர் தோட்டத்தில் தெலுங்குக் குடும்பங்களோடு வளர்ந்தவள் நான். "இரண்டும் இல்லை, சாப்பிடுகிற பொருள். ஒன்றைத் தின்று காட்டட்டுமா?" என்று தெலுங்கிலேயே கேட்டேன். அவசரமாகப் பெட்டியை மூடிச் சாக்கட்டியால் கோடு போட்டு அனுப்பிவிட்டார்.

வாசலில் என்னை அழைத்துப்போக வந்திருந்தவன் ஏழுமலை, என் சின்னம்மா மகள் ராஜம்மாவின் கணவன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் விஞ்சில் அவனுக்கு வேலை. நல்ல உயரம், அதைவிட நல்ல சிரிப்பு. தாமதத்துக்குக் காரணம் கேட்டான், சொன்னேன். அவன் சிரிப்பு சட்டென்று நின்றது.

"காளானா? உனக்குக் காளானைப் பத்தித் தெரியுமாக்கா?"

ஈப்போவில் பிள்ளைகளின் பெற்றோர் என்னை 'நீங்க' என்பார்கள். இங்கே இறங்கிய கால் மணியில் 'நீ' ஆகிவிட்டேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் வாயைக் கொடுத்தேன். மேலும், தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியை என்பவள் கேட்ட கேள்விக்குத் 'தெரியாது' என்று சொல்லிப் பழகாதவள்.

"ஏன் தெரியாது? எல்லாம் தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சூப்புக் கிண்ணத்தில் மிதக்கும் காளான். அது மண்ணில் முளைத்து நான் பார்த்ததே இல்லை.

நான் வந்த காரியம் வேறு. எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ்ப் பாடப் புத்தகங்கள் வாங்கிப்போக வேண்டும். யானைக்கவுனியில் ஒரு புத்தக வியாபாரியிடம் போவது, மூட்டை கட்டுவது, கப்பலேறுவது, அவ்வளவுதான் திட்டம். தங்குவதற்கு ராயபுரத்தில் ராஜம்மா வீடு.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக நிற்கும் வீடுகள். ஒரு வீட்டில் குழந்தை தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து 'நூறு வயசு' என்று குரல் வரும். ராஜம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு எனக்காகச் சுறாப்புட்டு செய்து வைத்திருந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதையும் பார்க்காமல் கிடந்த நாக்கு என்னுடையது. அன்றைக்கு நான் சாப்பிட்ட அளவை எழுதினால் பள்ளிக்கூடத்தில் மரியாதை போய்விடும்.

சாப்பாடு முடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். கூடவே போனேன். குழாயடியில் ஒருத்தி ராஜம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்:

"இன்னா ராஜம்மா, உங்க நைனா இன்னும் வர்லியா?"

"வருவாரு."

"ஏழு முடியப் போவுதே."

"வருவாருன்னேனே."

விஷயம் இதுதான். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டார் வந்து அழைத்துப்போக வேண்டும். சின்னம்மா இறந்து பல வருடமாகிறது. வரவேண்டியவர் சித்தப்பா. அவரோ மூன்று வருடமாக இந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. மணலிப் பக்கம் கீரைத் தோட்டம் அவருக்கு. ராயபுரம் சந்தைக்குக் கீரை கொண்டுவந்த மகள், மூட்டை இறக்க வந்தவனைப் பார்த்து, அப்பாவைக் கேட்காமல் திருவொற்றியூர்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். தோட்டக்கார மாப்பிள்ளைதான் வேண்டும் என்றிருந்தவருக்கு இது பெரிய அடி. அன்றிலிருந்து மகள் பெயரையே அவர் சொல்வதில்லையாம்.

அந்த 'வருவாரு'வைச் சொன்னபோது ராஜம்மாவின் முகம் இருந்த இருப்பு எனக்குத் தாங்கவில்லை. "நான் போய்ப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் யோசிக்காமல் சொன்ன இரண்டாவது வார்த்தை அது.

மறுநாள் யானைக்கவுனி. புத்தகங்கள் இன்னும் பைண்டிங்கில் இருக்கின்றன, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார் வியாபாரி. ஒரு வாரம் என்று எல்லா ஊரிலும் சொல்வது போலவே சொன்னார். திரும்பும்போது டிராம் பாதியில் நின்றது. ஈப்போவில் பஸ் நின்றால் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர், மடியில் கூடைக் கோழியோடு, என் ஊர், வயது, சம்பளம் எல்லாவற்றையும் முறையாக விசாரித்துவிட்டு, "வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?" என்றார். கலியாணம் ஆகவில்லை என்றால் ஏன் என்று விளக்க வேண்டும். "புலி அடித்துவிட்டது" என்றேன். டிராம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன் இருக்கையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்துவந்து என் கையில் வாழைப்பழம் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பழம் நன்றாக இருந்தது.

அதற்கடுத்த நாள் சித்தப்பாவைப் பார்க்க ஜட்கா ஏறினேன். அந்தக் குதிரை முற்பிறவியில் தபால்காரராக இருந்திருக்க வேண்டும், தண்டையார்பேட்டையில் வீட்டுக்கு வீடு நின்றது. திருவொற்றியூர் வந்ததும் இனி நகர மாட்டேன் என்று உட்காரவே பார்த்தது. வண்டிக்காரர் அதனிடம் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் என்னிடம், "நீ எறங்கி நடந்துடும்மா, அது மனசு மாறாது" என்றார். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, மஞ்சள் குங்குமம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கால்வாய்ப் படகில் அக்கரைக்குப் போய், சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சித்தப்பா தலையில் துண்டோடு முளைக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "உங்க சின்னம்மா மூக்கு" என்றார். பிறகு, "மலேயால மண்ணு எப்பிடி கண்ணு?" என்று கேட்டார். மனிதர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு மண் என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடி கீரை கட்ட உட்கார்ந்தார்.

நான் ராஜம்மாவின் பேச்சை எடுத்தேன். கை நிற்கவில்லை. கெஞ்சினேன், நிற்கவில்லை. "குழாயடியில் பொம்பளைகள் கேட்கிறார்கள், சித்தப்பா" என்றேன். அப்போது நின்றது.

"உப்புத் தண்ணில நிக்கிறவனுக்கு மண்ணு இன்னா தெரியும் சொல்லு. எம் பொண்ணு மண்ணுல பொறந்தவ. அவன் இன்னா பண்ணட்டும், அவன் கையால காளான் புடுங்கியாரட்டும். மார்க்கெட்ல வாங்கினா எனக்குத் தெரிஞ்சுடும், பாத்துக்க. அத்த எம் பொண்ணு கொழம்பு வெக்கட்டும். நான் வந்து துன்னுட்டு, அவளை இட்டுகினு வர்றேன்."

"எங்கே கிடைக்கும் சித்தப்பா?"

"அத்தயும் நானே சொல்லிட்டா அப்பால இன்னா பரீட்சை? நீ டீச்சருதானே?"

ஏழுமலை ஏன் துறைமுக வாசலில் அப்படிக் கேட்டான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த நிபந்தனையை அவர் யார் யார் மூலமாகவோ முன்பே சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏழுமலை இரண்டு மாதமாகத் தேடித் தோற்றிருக்கிறான். கடைசியில் கடவுளே பார்த்துக் கடல் கடந்து ஒரு நிபுணரை அனுப்பியிருக்கிறார், அதாவது என்னை.

அன்று சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டியது. இடி விழுந்தால் காளான் முளைக்கும் என்று குழாயடி முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது. ஏழுமலை வேலைக்கு லீவு சொன்னான். சடையங்குப்பத்துப் பக்கம் கரம்பு நிலத்தில் கறையான் புற்றுகள் நிறைய இருக்கின்றன என்று விஞ்சில் அவனோடு வேலை செய்யும் ஒருவன் சொல்லியிருந்தான். மறுநாள் ஒரு கூடை, ஒரு கத்தி, என் குடை, இத்தனையோடு கிளம்பினோம்.

கால்வாயில் எங்களை ஏற்றிக்கொண்ட படகோட்டியும் அவர் மனைவியும் தெலுங்கர்கள். துடுப்புப் போட்டுக்கொண்டே என்னை வைத்து அவர்கள் பேசினார்கள். "இந்தம்மா பெரிய படிப்பாம், காளான் தேடப் போகுதாம்" என்றார் அவர். "அதுக்கு எதுக்குக் குடை?" என்றாள் மனைவி. "கிடைக்காவிட்டால் அதையே நட்டுவைத்துக் காளான் என்று சொல்லிவிடும்." இருவரும் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. கரையேறும்போது, "குடையை நட்டால் குழம்புக்குப் போதும், உங்களுக்கும் அனுப்புகிறேன்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

காளான் தேடுவது எளிது. எல்லா இடத்திலும் இருக்கிறது. சாணியில் இருக்கிறது, பட்டுப்போன மரத்தில் இருக்கிறது, வேலி ஓரத்தில் இருக்கிறது. ஏழுமலை எதைப் பார்த்தாலும் கத்தியோடு பாய்ந்தான். "இது இன்னாக்கா?" என்று கேட்பான். நான் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, பரீட்சைத்தாள் திருத்துகிற முகத்தை வைத்துக்கொண்டு, "ம், இதில் ஒரு வகை" என்பேன். வெயில் தாழ்வதற்குள் கூடை நிறைந்துவிட்டது. எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் உலகத்தில் இல்லை என்ற நினைப்பில் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தோம்.

ஆடு மேய்த்துக்கொண்டு ஒருத்தி அந்தப் பக்கம் வந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய ஆடும் எட்டிப் பார்த்து, முகர்ந்து, தும்மிவிட்டு விலகியது.

"யார சாவடிக்க இத்த எடுத்துகினு போற?" என்றாள் ஏழுமலையிடம்.

"மாமனாருக்கு."

"அப்ப சர்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் எழுந்து கூடையைக் குட்டையில் கவிழ்த்தான். "உனக்குத் தெரியாதுல்ல?" என்றான். "கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் தெரியும்" என்றேன். கோபிப்பான் என்று பார்த்தேன். அவனோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "ராஜம்மா குழாயாண்ட போறதையே வுட்டுட்டாக்கா. பக்கத்து வூட்டுக்காரிய வுட்டுத் தண்ணி புடிக்கறா. நீ வந்த அன்னிக்கு உன்னாண்ட காட்டறதுக்குத்தான் போனா" என்றான். நான் எழுந்தேன். ஆட்டுக்காரியைக் கூப்பிட்டு, இருவருமாகக் கையெடுத்துக் கும்பிட்டு, நல்ல காளான் எங்கே என்று கேட்டோம்.

அவள் தயங்கினாள். பிறகு தூரத்தில் வரப்பு மேட்டில் ஆளுயரப் புற்று ஒன்றைக் காட்டினாள். "அதான் புத்துக் காளான். ஆனா ஆரும் கிட்ட போவ மாட்டாங்க. உள்ள நாகம் கீது. சும்மா நாகம் இல்ல, தலை மேல மயிரு மொளச்ச நாகம்."

சாயங்கால வெயிலில் தள்ளி நின்று பார்த்தோம். புற்றைச் சுற்றி ஈர மண்ணைப் பிளந்துகொண்டு, குழந்தையின் விரல் நுனிபோல மொட்டுகள். நூற்றுக்கணக்கில் இருந்தன. "இன்னிக்கு மொட்டு. விடியச்சொல்ல விரிஞ்சுடும். விரிஞ்சாத்தான் கொழம்புக்கு ருசி" என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஏழுமலை, "பாம்பு கீதாமே!" என்று பல்லைக் கடித்தான். "அவளே காலைல வந்து புடுங்கிகினு போவத்தான் நம்மள பயமுறுத்தறா. ஆரும் வர மாட்டாங்கன்னா அவளுக்கு எப்பிடி ருசி தெரியும்? பாம்பு இன்னா வாட்ச்மேனா?"

நியாயமான கேள்வி. ராத்திரி முழுவதும் அங்கே காவல் இருக்கவும் முடியாது, கடைசிப் படகு போய்விடும். ஏழுமலை மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தான். அவன் தொழில் அவனுக்கு வழி சொன்னது. துறைமுகத்தில் ஒவ்வொரு வியாபாரியின் மூட்டைக்கும் ஓர் அடையாளம் எழுதியிருக்கும், மார்க்கா என்பார்கள். மார்க்கா போட்ட மூட்டை ஒரு மாதம் திறந்தவெளியில் கிடந்தாலும் இன்னொருவன் கை வைக்க மாட்டான். மார்க்கா அழிந்த மூட்டை அன்றைக்கே காணாமல் போகும்.

"மார்க்கா போட்டுட்டுப் போலாம்க்கா."

"எதை வைத்து? ஈரத்தில் சாக்கட்டி எழுதாது."

"பளிச்சுனு எதுனா வோணும். பாத்தா ஆரும் தொடக் கூடாது."

அப்போதுதான் பையில் இருந்த கோயில் மஞ்சளும் குங்குமமும் என் நினைவுக்கு வந்தன. நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் குட்டைத் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்துவிட்டான். பாம்புக்கு மரியாதையாகக் கையை நீட்டியே புற்றின் மேல் பூசினான். பெட்டி பெட்டியாக மார்க்கா பார்த்துப் பழகிய கண் அல்லவா, மேலே மூன்று பட்டை, நடுவில் வட்டமாகக் குங்குமம், கோணல் இல்லாமல் வந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று, "இடது பக்கம் கொஞ்சம் ஏற்று" என்று மேற்பார்வை செய்தேன். வேலை முடிந்து பார்த்தபோது எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் முதல் படகைப் பிடித்து, வெயில் ஏறும் நேரத்தில் வரப்பு மேட்டை நெருங்கினோம். தூரத்திலேயே குலவைச் சத்தம் கேட்டது.

புற்றைச் சுற்றி ஒரே கூட்டம். பால் சொம்பு, முட்டை, வேப்பிலை, கற்பூரம். புற்றின் கழுத்தில் மாலை. எங்கள் காளான்கள் விரிந்து, வெள்ளை வெளேரென்று, அத்தனை அழகாக நின்றன. அவற்றுக்கு நடுவில் பாலாக ஓடியது. தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"தள்ளு, தள்ளு! காளான் மேல காலை வெக்காத! அம்மனுக்குக் கொடை அது!"

சித்தப்பா.

நாங்கள் பனைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினோம். முன்வரிசையில் ஆட்டுக்காரி அழுதுகொண்டே எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "நேத்து சாயங்காலம் ஒரு ஆளும் ஒரு பொம்பளையும் இங்க நின்னுகினு இருந்தாங்க. அந்தப் பொம்பளை கையில கொடை. நான் ஆட்டை ஓட்டிகினு கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாக்கறேன், ஆளையும் காணோம், அந்தம்மாளையும் காணோம். இருட்டறதுக்குள்ள கிட்ட வந்து பாத்தா புத்து மேல மஞ்சா பளபளன்னு கீது. ஐயோ, வந்தது ஆரு, நான் ஆரோட பேசினேன்னு எனக்குக் கை காலு வெலவெலத்துப் போச்சு!"

பெண்கள் குலவையிட்டார்கள். நான் அவசரமாகக் குடையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன். ஈப்போவில் இத்தனை வருடம் வேலை செய்தும் தலைமை ஆசிரியைகூட ஆகவில்லை, இங்கே ஒரே ராத்திரியில் அம்மனாகிவிட்டேன்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏழுமலை சிரிக்கவில்லை. ஒரு தாய் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிவந்து, புற்றின் மஞ்சளைத் தொட்டு அதன் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நம்ம மார்க்காக்கா" என்றான்.

"பேசாமல் இரு" என்று கையைக் கிள்ளினேன்.

"மாமனாராண்ட மட்டுமாவது சொல்லிடறேன்."

பிடிப்பதற்குள் போய்விட்டான். சித்தப்பாவுக்கு எதிரில் நின்று, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, "மாமா" என்றான். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவன் அவர் காதோரம் குனிந்து பேசினான். பேசப் பேச அவர் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று பனைமரத்துக்குப் பின்னால் இழுத்துவந்தார். என்னைப் பார்த்தார். மடக்கிய குடையைப் பார்த்தார்.

"கொடைக்காரி நீதானா?"

அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். சித்தப்பா அப்படியே தரையில் குந்திவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து குனிந்தால், வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"பாம்பா! இங்க ஏது கண்ணு பாம்பு? நாகம் கீதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சவனே நான்தான். உங்க சின்னம்மாவுக்கு இந்தப் புத்துக் காளான்னா உசுரு. ஊரு சனம் முந்திகினு புடுங்கிடும். அதான் ஒரு பாம்ப வுட்டேன். தலைல மயிரு மொளச்சதுன்னு இவளுங்களா சேத்துகினாளுங்க. அவ போன பின்னாலயும் வருஷா வருஷம் நான் மட்டும் வந்து புடுங்கிகினு போவேன். இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தேன். வந்து பாத்தா மஞ்சா! எனக்குக் கொலை நடுங்கிப் போச்சு. இத்தினி வருஷமா பொய் சொன்னியேடான்னு அம்மன் நேர்ல கேக்க வந்துட்டான்னு நெனச்சு, விடியலேர்ந்து தண்ணி கூட குடிக்காத இங்க வேலை செஞ்சுகினு கீறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் பாம்பத்தான்டா வெச்சேன். நீ சாமியவே வெச்சுட்டியே."

"இப்ப இன்னா மாமா பண்றது?"

"இன்னா பண்றது? சொன்னா மூணு பேரையும் அந்தப் புத்துலயே பொதச்சுடுவாளுங்க. காளான் போச்சு. அது இனிமே அம்மனுது. போ, வூட்டுக்குப் போ."

கூட்டத்திலிருந்து யாரோ கற்பூரம் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு போய்விட்டார். வருகிறேன் என்றோ வர மாட்டேன் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படகில் ஏழுமலை கூடையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். படகோட்டியின் மனைவி காலிக் கூடையைப் பார்த்தாள், என் குடையைப் பார்த்தாள். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் ராஜம்மா தேங்காயும் மிளகும் வறுத்து அரைத்து, அடுப்பை மூட்டிக் காத்திருந்தாள். கூடையைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்தாள். நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். நான் அம்மனான இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நைனாவின் பாம்பைச் சொன்னபோது தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, "அப்ப நைனா வர மாட்டாரு" என்றாள். எழுந்துபோய், அரைத்து வைத்த மசாலாவை வீணாக்க மனமில்லாமல் குழம்பைக் கூட்டி, முட்டையை உடைத்து ஊற்றினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நானும் ஏழுமலையும் உட்கார்ந்திருந்தோம்.

உச்சி வெயிலில், தெருவே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், கதவு மெல்லத் திறந்தது. கீரைக் கட்டைத் தலையில் வைத்து, துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, திருட வந்தவர் போலச் சித்தப்பா உள்ளே நுழைந்தார். கட்டை மூலையில் போட்டார். மகளைப் பார்க்காமல், "பசிக்குது" என்றார்.

ராஜம்மா தட்டு வைத்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் குழம்பு கொஞ்சம் தரையில் சிந்தியது. அவர் பிசைந்து ஒரு வாய் உண்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"காளான் இல்லாத காளான் கொழம்ப இன்னிக்குத்தான் துன்றேன்" என்றார். "உங்க அம்மா அரைக்கிற மாதிரியே அரச்சுகீற."

இரண்டாம் சோறும் கேட்டு வாங்கினார். கை கழுவும்போது ஏழுமலையிடம், "அடுத்த வருஷத்துக்கு வேற புத்துதான் பாக்கணும். மழை வுழுந்ததும் நீயும் வந்துடு. ஆனா ஒண்ணு, மஞ்சா எடுத்துகினு வராத" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "பொட்டிய எடும்மா. வெயில் தாழச்சொல்ல கெளம்பிடலாம்."

நான் ராஜம்மாவைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பெட்டியை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் நகரவில்லை.

"வர மாட்டேன்."

"இன்னாம்மா?"

"மூஞ்ச மூடிகினு வந்து, மூஞ்ச மூடிகினு இட்டுகினு போவியா நைனா? குழாயாண்ட கேட்டவளுக்கெல்லாம் வருவாரு, வருவாருன்னு சொன்னேனே, நீ வந்தன்னு அவளுங்களுக்குத் தெரிய வாணாமா?"

சித்தப்பா மகளையே பார்த்தார். ஏழுமலை தலை குனிந்துகொண்டான். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சித்தப்பா கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். போச்சு, கெடுத்துவிட்டாள் என்று நான் வாசலுக்கு ஓடினேன்.

அவர் தெருவின் நடுவில், குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த உரத்த குரல் ஒன்றே ஒன்றுதான், இளவயதில் தெருத்தெருவாகக் கீரை விற்ற குரல். அதே ராகத்தில், கையைக் காதில் வைத்துக்கொண்டு கூவினார்.

"ஏம்மா ராஜம்மா...! உங்க நைனா வந்துகீறேன்...! எம் பொண்ணப் பிரசவத்துக்கு இட்டுகினு போவ வந்துகீறேன்...!"

வரிசை முழுவதும் கதவுகள் திறந்தன. குடத்தோடு ஒருத்தி ஓடிவந்தாள். கீரைக்காரர் என்று நினைத்துத் தட்டோடு இன்னொருத்தி வந்தாள். ஏழுமலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றான். நான் உள்ளே திரும்பி, "போடி, கூப்பிடுகிறார்" என்றேன்.

ராஜம்மா கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"இன்னொரு தபா கூப்புடட்டும்க்கா" என்றாள்.

வெளியே அவர் கூப்பிட்டார். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள்.